அக்கா வீட்டு வழியாக அறுபதடி ரோடு

சேலத்தில் விருத்தாசலம் போகிற ரயிலில் ஏறி உட்கார்ந்தேன். எதிர் சீட்டுப் பெரியவர் "எதுவரைக்கும்?" என்றார். "சின்னசேலம்." "ஏன், பெரிய சேலம் பிடிக்கலியா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். சின்னசேலத்துக்காரர்கள் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிற ஜோக் இது. நானும் மரியாதைக்குச் சிரித்து வைத்தேன்.

ஊரைத் தெரியாதவர்களுக்கு: கள்ளக்குறிச்சி மாவட்டம் (2019 வரை விழுப்புரம் மாவட்டம்). ஒரு பேரூராட்சி. வடமேற்கே கல்வராயன் மலை. சுற்றிலும் மக்காச்சோளம், மரவள்ளி, பருத்தி. ஸ்டேஷன் இருப்பதில் ஊருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கள்ளக்குறிச்சிக்காரர்களே ரயில் பிடிக்க இங்கேதான் வந்து பழகினார்கள். எனக்கு இது அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர். மாமா காலமாகிப் பத்து வருஷம் ஆகிறது. திண்ணை வைத்த ஓட்டு வீட்டில் அக்கா தனியாக இருக்கிறாள். "ஏன் தனியா இருக்கே?" என்று கேட்டால், "எங்கே தனியா இருக்கேன்? தெருவே இருக்குதே" என்பாள்.

அன்றைக்குக் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. தரை முழுக்க ஒரு மேப். பறக்காமல் இருக்க நாலு மூலையிலும் சொம்பு, தேங்காய், மாமாவின் மூக்குக்கண்ணாடி டப்பா, சீரகம் அரைக்கிற அம்மிக் குழவி. நடுவே மண்டி போட்டபடி அக்காவின் பேத்தி. சென்னையில் நகரமைப்பு படிக்கிறாள். முதுகலை, ரெண்டு வருஷம். ஏதாவது ஒரு சின்ன ஊரை எடுத்துக்கொண்டு அடுத்த இருபது வருஷத்துக்குத் திட்டம் போட வேண்டும் என்பது வகுப்பில் கொடுத்த வேலை. சாப்பாட்டுச் செலவு மிச்சமாகும் என்று இவள் சின்னசேலத்தைச் சொல்லியிருக்கிறாள்.

மேப் பார்க்க ஜோராக இருந்தது. குடியிருப்புக்கு மஞ்சள், கடைகளுக்கு நீலம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரிக்குச் சிவப்பு, பார்க்குக்குப் பச்சை. குறுக்கே சாம்பல் நிறத்தில் வாரி விட்டாற்போல ஒரு நேர் கோடு.

அக்கா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தாள்.

"இதுல நம்ம வூடு எங்கடி?"

பேத்தியின் விரல் ஸ்டேஷனிலிருந்து புறப்பட்டது. கோயில் வந்தது. மாவு மில் வந்தது. அப்புறம் விரல் தயங்கியது. சாம்பல் கோட்டின் மேல் போய் நின்றது.

"ஆயா... அது வந்து... அறுபதடி ரோடு."

"ரோடு தெரியுது. வூடு எங்க?"

"ரோட்டுக்கு அடியில."

கூடத்தில் மாமா காலத்து ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

"சும்மா எக்சர்சைஸ்தான் ஆயா. மார்க்குக்காகப் போட்டது."

"சும்மாவே இடிச்சிட்டியே, சம்பளம் குடுத்தா என்னா பண்ணுவ?"

*

அக்கா கேட்டது வேடிக்கைக் கேள்வி இல்லை. 2021-ல் நிதி ஆயோக் நகரத் திட்டமிடல் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. நாட்டில் நகரம் என்று கணக்கில் வருகிற 7,933 ஊர்களில் சுமார் 65 சதவீதத்துக்கு மாஸ்டர் பிளானே கிடையாது என்றது. மாநில நகரமைப்புத் துறைகளுக்கு 12,000 பேருக்கு மேல் தேவை. அனுமதிக்கப்பட்ட பதவிகளோ 4,000-க்கும் கீழே, அதிலும் பாதி காலி என்றது. அதாவது, இந்தப் பெண்ணும் இவள் வகுப்புப் பிள்ளைகளும் படித்து முடித்து வந்து, உங்கள் ஊருக்கும் என் ஊருக்கும் கோடு போடப் போகிறார்கள். அவர்களுக்கு வகுப்பில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்பது உங்கள் திண்ணை சம்பந்தப்பட்ட விஷயம்.

கணக்கு வாத்தியார் கொடுக்கிற கணக்குக்கு ஒரு விடை உண்டு. தப்பானால் அழித்துவிட்டு மறுபடி போடலாம். ஊர்க் கணக்கு அப்படி இல்லை. 1973-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ரிட்டல், வெப்பர் என்று இரண்டு பேராசிரியர்கள் இதை ஒரு கட்டுரையில் எழுதி வைத்தார்கள். இந்த மாதிரிப் பிரச்னைகளுக்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் 'பொல்லாத பிரச்னைகள்' என்று சொல்லலாம். பொல்லாத பிரச்னைக்குச் சரியான விடை, தப்பான விடை என்று கிடையாது. நல்லது, மோசமானது என்றுதான் உண்டு. ஒத்திகை பார்க்க முடியாது. ஒரு தடவை ரோடு போட்டால் போட்டதுதான். விஞ்ஞானி தன் அனுமானம் தப்பாகப் போனால் 'பரவாயில்லை, ஒரு விஷயம் தெரிந்தது' என்று சொல்லிக்கொள்ளலாம். ஊருக்குத் திட்டம் போடுகிறவனுக்கு அந்த உரிமை இல்லை என்றார்கள். அவன் தப்பு பண்ணினால் அதை அனுபவிக்கிறவன் வேறு ஆள்.

அப்படியானால், தப்பு பண்ண இடமே இல்லாத ஒரு தொழிலைப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது?

பேத்தியின் வகுப்பு மேடம் (பெயர் வேண்டாம், புகழ்ந்தால் பிடிக்காதாம்) அந்த சாம்பல் கோட்டைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்.

"எதுக்கு இந்த ரோடு?"

"ஊருக்குள்ள வர்ற பழைய ரோட்டுல நெரிசல் மேடம். ரெண்டு நாள் ஜங்ஷன்ல நின்னு வண்டிய எண்ணினோம்."

"ஏன் நெரிசல்?"

"ரோடு குறுகல்."

"ஏன் குறுகல்?"

பதில் இல்லை.

"மறுபடி போங்க. நாலு நாள் இருங்க. பென்சில் எடுத்துட்டுப் போகாதீங்க."

எனவே பதினோரு பிள்ளைகள், பென்சில் இல்லாமல், அக்கா வீட்டில் டேரா. நான் போய்ச் சேர்ந்தது அதில் முதல் நாள். நாலு நாளில் தீர்ந்த சாம்பாரைக் கொண்டு ஒரு முகூர்த்தத்தை நடத்தியிருக்கலாம். கிளம்புகிறவன் கிளம்பாமல் நானும் கூடவே சுற்றினேன்.

*

முதல் நாள் பாடம், படம் வரையச் சொல்வது. வரைய வேண்டியது மாணவர்கள் இல்லை, ஊர்க்காரர்கள். ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, "உங்க ஊரை வரைஞ்சு காட்டுங்க" என்று கேட்க வேண்டும். கெவின் லிஞ்ச் என்ற அமெரிக்கப் பேராசிரியர் பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சலிஸ் மூன்று ஊர்களில் இதைச் செய்து 1960-ல் புத்தகமாகப் போட்டார். ஜனங்கள் மனசில் இருக்கிற ஊர் வேறு, சர்வே மேப்பில் இருக்கிற ஊர் வேறு என்று காட்டினார். பாதை, விளிம்பு, வட்டாரம், சந்திப்பு, அடையாளச் சின்னம் என்று ஐந்து சாமான்களை வைத்துத்தான் மனசு ஓர் ஊரைக் கட்டிக்கொள்கிறது என்பது அவர் கண்டது.

சின்னசேலத்தில் நடந்ததைக் கேளுங்கள். ஆட்டோக்காரர் வரைந்த ஊரில் ஸ்டேஷனும் பஸ் ஸ்டாண்டும் பெரியப்பா பிள்ளைகள் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. நடுவில் ஒன்றுமே இல்லை. ஆறாம் கிளாஸ் பையன் வரைந்த ஊரில் மூன்று நாய்கள் இருந்தன, பெயரோடு. அவன் பள்ளிக்கூடம் போகிற வழியை அவைதான் நிர்ணயிக்கின்றன. அக்கா வரைந்த ஊர் ரொம்பச் சின்னது. வீடு, கோயில், மாவு மில், மருந்துக் கடை, ஸ்டேஷன். மருந்துக் கடைக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் ஒரு புள்ளி வைத்தாள். "இது என்னா ஆயா?" "அங்க ஒரு வேப்ப மரம். நெழல்ல நின்னு மூச்சு வாங்கிட்டுத்தான் போவேன். உக்கார ஒரு கல்லு கிடந்தா நல்லாருக்கும்."

யாருடைய படத்திலும் அறுபதடி ரோடு இல்லை. அது வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

*

ராத்திரி திண்ணையில் இரண்டாம் பாடம். ஆளுக்கொரு தாளை எடுத்து மூன்றாக மடித்தார்கள். திருப்பி மறுபடி மூன்றாக மடித்தார்கள். பிரித்தால் ஒன்பது கட்டம்.

"என்னாடி, வடாம் டிசைனா?" என்றாள் அக்கா.

இந்த மடிப்புக்கு ஒரு கதை உண்டு. பேட்ரிக் கெடிஸ் என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர். 1854-ல் பிறந்தவர். படித்தது உயிரியல். 1879-ல் மெக்ஸிகோவுக்கு ஆராய்ச்சிக்குப் போன இடத்தில் திடீரென்று கண் தெரியாமல் போய்விட்டது. வாரக்கணக்கில் இருட்டறையில் கட்டுப்போட்டு உட்காரவைத்துவிட்டார்கள். இருபத்தைந்து வயசு. மைக்ராஸ்கோப்பை நம்பிப் பிழைக்க வேண்டிய ஆள். விரலால் ஜன்னலைத் தடவினார். சட்டங்கள், நடுவே கண்ணாடிச் சதுரங்கள். ஒவ்வொரு சதுரத்திலும் மனசுக்குள் ஒரு எண்ணத்தை வைத்துப் பார்த்தார். பக்கத்துச் சதுரத்தோடு சேர்த்துப் பார்த்தார். பார்வை திரும்பி வந்தது. சதுரம் போகவில்லை. ஆயுசு முழுக்கத் தாளை மடித்து மடித்தே யோசித்தார். அவற்றை 'யோசிக்கும் இயந்திரம்' என்றார்.

மூலைவாட்டில் மூன்று கட்டங்களில் மூன்று சொல்: இடம், வேலை, ஜனம். மிச்ச ஆறு கட்டங்களில் இவற்றின் சேர்க்கை. இடம் வேலையை என்ன பண்ணுகிறது என்பது ஒரு கட்டம். வேலை இடத்தை என்ன பண்ணுகிறது என்பது இன்னொரு கட்டம். இரண்டும் ஒன்று போலத் தோன்றும். ஒன்று இல்லை.

பேத்தி முதல் கட்டத்தைச் சட்டென்று நிரப்பிவிட்டாள்: மழையை நம்பின பூமி, அதனால் மக்காச்சோளம். அடுத்த கட்டத்தில் மாட்டிக்கொண்டாள். மக்காச்சோளம் இடத்தை என்ன பண்ணுகிறது? பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், காலையில் ஜங்ஷனிலிருந்து பழைய ரோட்டில் அரை கிலோமீட்டர் நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

ரோட்டில் பாதி மஞ்சளாக இருந்தது.

அவ்வளவு அகல ரோட்டில் சரி பாதிக்கு மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் வரிசையாகக் கருங்கல், வண்டி ஏறிவிடாமல் இருக்க. மிச்ச பாதியில் போகிற பஸ்ஸும் வருகிற பஸ்ஸும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நின்றன. ரோடு குறுகல்தான். குறுக்கியது யார் என்பதை இவர்கள் ஜங்ஷனில் நின்று எண்ணியபோது பார்க்கவில்லை. சாட்டிலைட் படமோ அறுவடைக்கு முன்னால் எடுத்தது.

குடை பிடித்துக் காவல் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் பேத்தி கேட்டாள், "ஏம்மா ரோட்டுல காயவெக்கிறீங்க?"

"பின்ன, உன் தலை மேலயா காயவெக்கிறது?" என்றார் அந்த அம்மா. அப்புறம் கோபம் தணிந்து விவரம் சொன்னார். ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேலே இருந்தால் வியாபாரி விலையைக் குறைப்பார். அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் பொதுக் களம் இருந்தது. இவர் ஊரில் களத்து மேட்டில் ஒரு கட்டடம் வந்தது, அப்புறம் ஒரு தண்ணீர்த் தொட்டி வந்தது, களம் காணாமல் போனது. "ராத்திரி வண்டியில வர்றவங்க கல்லுல மோதிக்கிட்டா எங்களுக்கு மட்டும் நல்லாருக்குமா? போன வருசம் ஒரு பையன் விழுந்து கைய ஒடிச்சிக்கிட்டான். என் சொந்தக்காரப் பையன்தான்."

பேத்தி ரொம்ப நேரம் பேசாமல் நடந்தாள். "தாத்தா, ஊருக்குத் தேவை ரோடு இல்ல. களம்" என்றாள். மேடம் கேட்ட 'ஏன் குறுகல்?' என்பதற்கு விடை. கேள்வி மாறியது, கேள்வி மாறியதும் அக்கா வீடு தப்பித்தது.

*

கெடிஸ் கதையை நான் முடிக்கவில்லை. அவர் நம்ம ஊருக்கு வந்தவர். சென்னை கவர்னர் பெண்ட்லேண்ட் பிரபு அழைத்து, 1914 அக்டோபரில் இந்தியாவில் இறங்கினார். உலக நகரங்களைப் பற்றிய படங்கள், மேப்புகள் எல்லாம் சேர்த்து ஒரு பெரிய கண்காட்சி வைத்திருந்தார். அது 'கிளான் கிராண்ட்' என்கிற கப்பலில் தனியாக வந்தது. வழியில் அதை மூழ்கடித்தது எது தெரியுமா? எம்டன். அந்த செப்டம்பர் 22-ம் தேதி ராத்திரி சென்னையில் குண்டு போட்டுவிட்டுப் போய், 'அவன் பெரிய எம்டன்' என்று நம் பாஷையிலேயே குடியேறிவிட்ட அதே ஜெர்மன் கப்பல். பல வருஷ உழைப்பு கடலுக்கு அடியில். மனுஷர் அசரவில்லை. நண்பர்கள் மறுபடி திரட்டி அனுப்பினதை வைத்து 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி நடத்திவிட்டார். யார் எம்டன் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் மாகாணம் முழுக்க ஊர் ஊராக நடந்தார். மதுரை, தஞ்சாவூர் என்று சந்துக்குச் சந்து, வெயிலில், கையில் மேப்போடு. தஞ்சாவூர்க் கோட்டைக்குள் நெரிசலைக் குறைக்க முனிசிபாலிட்டி ஏற்கெனவே ஒரு திட்டம் வைத்திருந்தது. நேர் நேராகப் புதுத் தெருக்கள், அதற்காக வீடுகளை இடிப்பது. கெடிஸ் அதே இடத்துக்கு வேறு படம் போட்டார். இடிந்து கிடக்கிற சில வீடுகளை மட்டும் எடு. அங்கங்கே சந்தை ஒரு முழம் அகலமாக்கு. கிடைத்த காலியிடத்தில் மரம் நடு. மிச்சத்தைத் தொடாதே. செலவு முனிசிபல் திட்டத்தில் ஒரு சிறு பங்குதான். காலை வெட்டாமல் முள்ளை மட்டும் எடுக்கிற வைத்தியம். இதற்குப் பொறுமை வேண்டும், மணிக்கணக்காக நடக்க வேண்டும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஸ்கேல் வைத்துக் கோடு இழுப்பது சுலபம். எந்தச் சுவர் தானாகவே விழப்போகிறது என்று கண்டுபிடிக்க அந்தச் சுவரைப் போய்ப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

1917-ல் இந்தூரில் அவர் செய்த வேலை இன்னும் பிரமாதம். ஊரில் பிளேக். கிழவர் சந்து சந்தாக அளந்துகொண்டு போக, "பிளேக்கைக் கொண்டுவர்ற துரை இவர்தான்" என்று ஜனங்கள் பயந்தார்கள். கெடிஸ் நேராக மகாராஜாவிடம் போய், "என்னை ஒருநாள் ராஜாவாக்குங்கள்" என்றார். ஆக்கினார்கள். தீபாவளி ஊர்வலம் இந்த வருஷம் வழக்கமான வழியில் போகாது, எந்தத் தெருக்காரர்கள் அதிகம் சுத்தம் செய்து, வீட்டைச் சரிபண்ணி, மரம் நட்டிருக்கிறார்களோ அந்தத் தெரு வழியாகத்தான் போகும் என்று தண்டோரா போட்டார். ஊரே துடைப்பம் எடுத்தது. சுவாமி நம்ம தெருவுக்கு வராமல் போய்விடுமோ என்கிற கவலை என்னவெல்லாம் செய்ய வைக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஊர்வலத்தில் பிளேக் எலிக்குப் பெரிய பொம்மை. துப்புரவுத் தொழிலாளர்கள் புதுத் துணி உடுத்தி மரியாதையாக நடந்து வந்தார்கள். உத்தரவு, அபராதம் எதுவும் போடாமல், திருவிழாவை வைத்தே ஒரு நகரத்துக்குப் பாடம் நடத்திவிட்டார். 1919-ல் பம்பாய் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக்கியதில் ஆச்சரியமில்லை.

*

மூன்றாம் நாள் பாடத்துக்குப் பெயர் மூளைப் புயல். அலெக்ஸ் ஆஸ்பர்ன் என்ற அமெரிக்க விளம்பரக் கம்பெனி முதலாளி பிரபலமாக்கியது; 1953-ல் புத்தகம் போட்டு விதிகளைச் சொன்னார். நிறைய யோசனை வேண்டும், கிறுக்குத்தனமாக இருந்தாலும் பரவாயில்லை, ஒருத்தர் யோசனையோடு இன்னொருத்தர் ஒட்டுப்போடலாம். முக்கிய விதி: யார் எது சொன்னாலும் குறை சொல்லக்கூடாது.

இந்தக் கடைசி விதி தமிழ்நாட்டில் செல்லுபடியாகுமா என்று எனக்குச் சந்தேகம். 'அதெல்லாம் நடக்காதுங்க' என்கிற வாக்கியம் இல்லாமல் நம்மால் ஒரு மொட்டைமாடி வடாத்தைக்கூடக் காயவைக்க முடியாது. அதற்கும் மேடம் வழி வைத்திருந்தார். முதலில் தலைகீழாகக் கேளுங்கள் என்றார். "ஒரு பஸ் ஸ்டாண்டை எப்படி இதைவிட மோசமாக்கலாம்?" திண்ணைக்கு வந்த பெருசுகளிடம் இதைக் கேட்டதும் மடை திறந்தது. "உக்கார்ற இடத்துல கம்பி வெச்சிடு." "பஸ் எங்க நிக்கும்னு எழுதிப்போட்டு, வேற எடத்துல நிறுத்து." "பெண்கள் பக்கம் லைட்டு போடாத." பத்தே நிமிஷத்தில் 47 யோசனை. ரிடையரான ஓர் ஆசிரியர் மட்டும் பட்டியலை மௌனமாகப் படித்துவிட்டு, "இதுல முக்கால்வாசி நான் போய் வந்த ஊர்ல எல்லாம் ஏற்கெனவே செஞ்சு வெச்சிருக்காங்க தம்பி" என்றார். எந்த ஊர்கள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒவ்வொன்றையும் திருப்பிப் போட்டால் நல்ல பஸ் ஸ்டாண்டுக்கு 47 குறிப்பு ரெடி.

சூடு பிடித்ததும் களத்துக்கு வந்தார்கள். மக்காச்சோளத்தை எங்கே காயவைப்பது? மொட்டைமாடி என்றான் ஒருவன். ரயில்வே பிளாட்பாரம் என்றாள் ஒருத்தி. குறை சொல்லக்கூடாது என்பதால் எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிக்கொண்டார்கள். மூன்று நாளாக வாயே திறக்காத ஒரு பையன் மெதுவாகச் சொன்னான்: "மார்கழியில கல்யாண மண்டபம் எல்லாம் சும்மாதானே கிடக்கும்?"

திண்ணை நிமிர்ந்து உட்கார்ந்தது. உண்மைதான். மார்கழியில் முகூர்த்தம் இல்லை. மண்டபத்து முன்னால் கார் நிறுத்த சிமெண்ட் போட்ட பெரிய முற்றம் காலி. அறுவடையும் அந்தச் சமயம்தான் தொடங்குகிறது. "தை பொறந்தா?" என்றாள் அக்கா. தை பிறந்தால் கல்யாணம் வந்துவிடும். மக்காச்சோளம் வெளியே போக வேண்டும். ஆகவே அது பாதி மருந்து. மீதிப் பாதிக்கு ஊர் எல்லையில் பொது இடத்தில் களம் கட்டியே ஆக வேண்டும். ஆனால் அந்தப் பாதி மருந்து பிளாட்பார யோசனையைப் பார்த்து யாரும் சிரிக்காததால் வந்தது. சிரித்திருந்தால் அந்தப் பையன் நாலாவது நாளும் வாயைத் திறந்திருக்க மாட்டான்.

*

கடைசி நாள் வேஷம் கட்டுவது. 1960-களில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நகரமைப்பு மாணவர்களுக்கு இது மாதிரி விளையாட்டுகள் வந்தன. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆலன் ஃபெல்ட் உருவாக்கிய நில விளையாட்டு அதில் பிரபலம். மாணவர்களே நிலம் வாங்குவார்கள், வரி போடுவார்கள், சண்டை போடுவார்கள்.

இங்கே குடவோலை மாதிரி சீட்டு எழுதி சொம்பில் போட்டுக் குலுக்கினார்கள். லாரி டிரைவர், வியாபாரி, பூக்காரம்மா, நிர்வாக அதிகாரி. பேத்திக்கு வந்த சீட்டு: 'எழுபது வயது அம்மாள். ஓட்டு வீடு. அதன் மேல் ரோடு வருகிறது.' தான் போட்ட ரோட்டுக்கு எதிராகத் தானே வாதாட வேண்டும். அதிகாரி வேஷம் போட்ட பையன், "இழப்பீடு தருவோம்மா" என்றான். இவள் தழுதழுத்த குரலில், "ஐயோ, என் வீட்டை இடிக்காதீங்க..." என்று ஆரம்பித்தாள்.

"நிறுத்துடி" என்றாள் அக்கா. "நான் எதுக்கு அழுவணும்? தள்ளு."

தானே எழுந்து போய் அதிகாரி எதிரில் உட்கார்ந்தாள். "தம்பி, காசு குடுப்ப, சரி. அந்தக் காசுல வேற வூடு வாங்கலாம். காலையில கோலம் போடலன்னா 'என்னாச்சு'ன்னு கதவைத் தட்டறதுக்கு எதிர் வூட்டுக்காரி இருக்கா. அவளையும் வாங்கித் தருவியா?"

பையன் சீட்டைப் பார்த்தான். அதற்குப் பதில் அதில் எழுதியிருக்கவில்லை. மஞ்சள், நீலம், சிவப்பு என்று எந்தக் கலரிலும் எதிர் வீட்டுக்காரி வரமாட்டாள். பேத்தி தலையைக் குனிந்துகொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்த மாதிரி இருந்தது. கேட்டால் மக்காச்சோளத் தூசி என்பாள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, தாளை மடித்தால் ஊர் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். பாதாள சாக்கடையை மடிக்க முடியாது. அதற்கு மட்டம் பார்க்க வேண்டும், இன்ஜினியர் வேண்டும், பணம் வேண்டும். சில சமயம் ரோடும் அகலமாகத்தான் வேண்டும், வீடும் போகத்தான் வேண்டும். 47 யோசனையில் 40 குப்பைக்குப் போகும். எஞ்சியதில், நிலம் யாருடையது, செலவு யாருடையது என்று உட்கார்ந்து பார்க்கிற அலுப்பான வேலை பாக்கி இருக்கும். இந்த வித்தைகள் செய்வது ஒன்றுதான். கோடு போடுவதற்கு முன்னால், கோட்டுக்கு அடியில் இருக்கிற ஆளை ஒரு தடவை பார்க்க வைக்கின்றன. பார்த்த பிறகும் கோடு போட வேண்டியிருந்தால் போடலாம். கை கொஞ்சம் நடுங்கும். நடுங்க வேண்டும்.

*

போன வாரம் அக்கா போன் பண்ணினாள். பேத்தி புது மேப்போடு வந்திருந்தாளாம். சாம்பல் கோடு இல்லை. ஊர் எல்லையில் இரண்டு களம். ஸ்டேஷன் போகிற வழியில் ஒரு பச்சைப் புள்ளி, பக்கத்தில் ரொம்பச் சின்னதாக ஒரு கட்டம்.

"அது என்னான்னு கேட்டேன். வேப்ப மரத்தடியில கல்லு பெஞ்சாம். எனக்காம்" என்றாள். குரலில் பெருமை. உடனே, "வூட்டை மட்டும் எள்ளு மாதிரி போட்டிருக்கா. கேட்டா ஸ்கேலுங்கறா" என்று குறையும் சொன்னாள்.

"சரி, மேப்பை எடுத்துட்டுப் போயிட்டாளா? மார்க்கு வாங்கணுமே?"

"அதெப்படிக் குடுப்பேன்? பட்டாவோட சேத்து பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன். நாளைக்கு எவனாச்சும் ரோடு போட வந்தா, கவர்ன்மெண்ட்டு படிப்புப் படிச்ச புள்ள போட்ட மேப்பு, இதுல வூடு இருக்குது பாருன்னு காட்ட வேணாமா?"

பேத்தி வேறு பிரிண்ட் எடுத்துக்கொள்ளக் காசும் அக்காதான் கொடுத்தாளாம்.